ரெகுலேட்டர் பழுது என்று எழுது, தம்பி

உள்ளே வா தம்பி. செருப்பைக் கழற்றாவிட்டாலும் பரவாயில்லை, வா. ஏஜென்சியிலிருந்துதானே? சுகுணா போன் போட்டாள் என்றுதானே அனுப்பினார்கள்? அவள் என் மருமகள். ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் மருந்துக் கடையில் வேலை. எட்டு மணிக்குத்தான் வருவாள். மகன் லாரி ஓட்டுகிறான், இப்போது நாக்பூர்ப் பக்கம் எங்கேயோ இருப்பான். பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வர நாலரை ஆகும். இப்போது என்ன மணி? மூன்றரையா. நல்லது. அதற்குள் முடித்துவிடலாம்.

அடுப்படி அந்தப் பக்கம். ரெகுலேட்டரைக் கழற்று, டியூபைக் கழற்று, என்னென்ன பார்க்க வேண்டுமோ பார். நான் நாற்காலியை இங்கே கூடத்திலேயே போட்டுக்கொள்கிறேன். உள்ளே வரமாட்டேன். பயமா? எனக்கென்ன பயம். நான் யார் என்று தெரியுமா உனக்கு? மாசிலாமணி. உங்கள் ஏஜென்சியில் இருபத்தேழு வருஷம் சிலிண்டர் தூக்கினவன். இந்தப் பண்ருட்டியில் எந்த வீட்டு மாடிக்கு எத்தனை படி என்று கேள், சொல்கிறேன். செட்டியார் வீட்டு மாடிக்கு இருபத்திரண்டு. கடைசிப் படி உயரம் கூட.

ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயம். எல்லாம் பார்த்து முடித்ததும் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பாய் அல்லவா? அதில், ரெகுலேட்டர் பழுது என்று எழுது. அவ்வளவுதான். புது ரெகுலேட்டர் மாட்டிவிடு. பழையதை நீயே கொண்டுபோ.

ஏன் என்று கேட்கிறாய். கேள், உன் வேலை. நீ கையால் வேலையைப் பார், நான் சொல்கிறேன். என் பேத்தி அந்தத் தாளைப் படிக்க வேண்டும். அதற்குத்தான்.

தர்ஷினி என்று பெயர். பன்னிரண்டு வயது. அந்தப் பன்னிரண்டுதான் என்னைத் தூங்கவிடமாட்டேன் என்கிறது. எனக்கு ஒரு அக்காள் இருந்தாள், அஞ்சலை. அவளுக்கும் பன்னிரண்டு. எனக்கு எட்டோ ஒன்பதோ. அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போய்விடும், பொழுது சாய்ந்துதான் வரும். ஒரு நாள் நான் பசிக்கிறது பசிக்கிறது என்று அழுதேன். அம்மா வரட்டும்டா என்றாள். நான் விடவில்லை. அடுப்பு மூட்டினாள். விறகடுப்பு. பாவாடையில் பிடித்துக்கொண்டது. தண்ணீர்ப் பானை என் பக்கத்தில்தான் இருந்தது தம்பி. நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். அவள் வெளியே ஓடினாள்.

சரி, அது பழைய கதை. நீ டியூபைப் பார்.

இந்த சுகுணா இருக்கிறாளே, நல்ல பெண்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மனசில் ஒன்றை வைத்துக்கொண்டால் விடமாட்டாள். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு ரசம் வைத்தாள். நான் வாயில் வைத்துவிட்டு, மாட்டுக்கு ஊற்று என்று சொன்னேன். ஒரு வார்த்தை. பதினாலு வருஷம் ஆகிறது. ஒன்றரை மாசத்துக்கு முன்னால் என் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள்: "மாமா, எங்க வீட்ல என்னை அடுப்புக்கிட்ட விடவே இல்ல. படி படின்னாங்க. இங்க வந்து ஒவ்வொரு நாளும் உங்க முன்னாடி தட்டு வைக்கும்போது கை நடுங்கும். என் பொண்ணுக்கு அந்த நடுக்கம் வேணாம்." பதினாலு வருஷம் ஒரு ரசத்தை ஞாபகம் வைத்திருக்கிறாள் பார். அப்படிப்பட்ட ஆள்.

அதோடு ஒரு சட்டம் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைதான் சமைப்பாள். பெரியவர்கள் யாரும் அடுப்படிக்குள் போய் மூக்கை நுழைக்கக் கூடாது. சாப்பிட உட்கார்ந்தால் குறை சொல்லக் கூடாது. உப்பு இல்லையென்றால் எழுந்து போய் நாமே போட்டுக்கொள்ள வேண்டும். என் வீட்டில் எனக்குச் சட்டம். மகன் ஊரில் இருந்த அன்று அவனும் மண்டையை ஆட்டுகிறான். "தர்ஷி, வெங்காயத்தப் பெருசா நறுக்கு, அப்பாவுக்கு அப்படித்தான் புடிக்கும்" என்கிறான். லாரிக்காரன் அவனே ரோட்டோரம் ஸ்டவ் வைத்துச் சமைத்துத் தின்கிறவன். அவனுக்கென்ன தெரியும்.

நான் சொன்னேன். ஏம்மா, பச்சைப் பிள்ளை, கேஸ் அடுப்பு, நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "நாம இல்லாத நேரத்துல ஒரு நாள் பசியில அவளே தொடத்தான் போறா மாமா. அன்னிக்கு ஒண்ணும் தெரியாமத் தொடக் கூடாதில்ல?"

எனக்கு அஞ்சலை ஞாபகம். அதை எப்படிச் சொல்வது? வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. என் பெண்டாட்டி இருந்தவரை அவளிடமும் சொன்னதில்லை.

அந்தப் பிள்ளைக்கு அவள் சொல்லிக்கொடுக்கும் விதத்தைக் கேட்க வேண்டுமே. தலைமுடியைத் தூக்கிக் கட்டு. துப்பட்டாவைக் கழற்றி வை. ஜன்னல் திறந்திருக்கிறதா பார். லைட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு அப்புறம் அடுப்புத் திருகைத் திருப்பு. பாத்திரத்தின் கைப்பிடி உன் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. தினமும் இதைக் கேட்டுக்கொண்டு நான் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொன்றும் என் நெஞ்சில் குத்தும். இருபத்தேழு வருஷம் கேஸ் தூக்கினவன் வீட்டில் இருக்கிறான், அவனை ஒரு வார்த்தை கேட்டாளா? கேட்கவில்லை. இப்போதும் பார், உனக்குத்தான் போன் போட்டாள்.

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்கிறாயா? சிலிண்டரைப் பற்றிச் சொல்லியிருப்பேன். அடுப்பைப் பற்றி எனக்கென்ன தெரியும். நான் ஒரு நாள்கூட அடுப்புப் பற்றவைத்ததில்லை. அஞ்சலைக்கு அப்புறம் நெருப்பென்றால் ஒரு பீடி மட்டும்தான். சிலிண்டரை மாட்டுவேன், ரெகுலேட்டரைத் திருப்புவேன், வந்துவிடுவேன். அடுப்புப் பக்கம் பெண்டாட்டி பார்த்துக்கொள்வாள்.

சரி. இனிமேல் சொல்வதை உன்னோடு வைத்துக்கொள்.

ஐந்து ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால். பிள்ளை பருப்பை ஏற்றிவிட்டு, தீயைச் சிறிதாக்கிவிட்டுக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். சுகுணா துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போயிருந்தாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உள்ளே நெருப்பு எரிகிறது, வெளியே பன்னிரண்டு வயதுப் பிள்ளை. எழுந்து போனேன். மேடைக்குக் கீழே குனிந்து ரெகுலேட்டரை மூடினேன். தீ அணைந்தது. அப்பாடா என்று இருந்தது. அரை மணி நேரம் நிம்மதி.

அவள் வந்து பார்த்தாள். தீ அணைந்திருக்கிறது, பருப்பு கல்லாட்டம். காற்றில் அணைந்துவிட்டது என்று நினைத்தாள். திருகை மூடினாள். அம்மாவைக் கூப்பிட மாடிக்கு ஓடினாள். அந்த இடைவெளியில் நான் போய் ரெகுலேட்டரைத் திறந்து வைத்துவிட்டேன். சுகுணா வந்து பற்றவைத்தால் நன்றாக எரிகிறது. யாருக்குத் தெரியும்?

அடுத்த ஞாயிறும் செய்தேன். அதற்கடுத்ததும். ஒரு தரம் சாம்பார், ஒரு தரம் உருளைக்கிழங்கு. ஒன்றும் வேகாது. என் கணக்கு என்னவென்றால், இரண்டு மூன்று தரம் கெட்டுப்போனால் பிள்ளைக்குச் சலித்துவிடும், அடுப்பை விட்டுவிடும். அடித்தேனா, திட்டினேனா? ஒரு திருகைத் திருப்பினேன், அவ்வளவுதான். அவள் நல்லதுக்குத்தானே.

மூன்றாவது ஞாயிறு அழுதுவிட்டாள். "எங்கைக்கு சமையலே வராதாம்மா?" என்று கேட்டாள். சுகுணா சொன்னாள், "எனக்கு ஒரு வருஷம் வரல. நீ மூணு வாரத்துலயே அழுவுற." நான் தட்டைப் பார்த்துக்கொண்டு வேகாத உருளைக்கிழங்கைத் தின்றேன். குறை சொல்லக் கூடாதல்லவா. சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் போடு பாப்பா என்றுகூடக் கேட்டு வாங்கித் தின்றேன். அவள் சிரித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

நாலாவது ஞாயிறு மகன் வீட்டில் இருந்தான். ஒன்றும் செய்ய முடியவில்லை. அன்றைக்கு அவள் வைத்த சாம்பார் எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதே. நன்றாகத்தான் இருந்தது.

டியூப் எப்படி இருக்கிறது? புதிதா? போன வருஷம் மாற்றினது. அதனால்தான் சொல்கிறேன், ரெகுலேட்டர் மேல் எழுது.

போன புதன்கிழமைக்கு வருகிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். அம்மா எட்டு மணிக்கு வரும்போது களைத்துப்போய் வரும், ஒரு ரசம் வைத்துவிடுகிறேன் தாத்தா என்றாள். ரசம். பார்த்தாயா, அதே ரசம். லைட்டரைக் காலையிலேயே என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் தேடிப் பார்த்துவிட்டு, சாமி மாடத்தில் இருந்த தீப்பெட்டியை எடுத்துப் போய்ப் பற்றவைத்தாள். புளித் தண்ணீரைச் சின்னத் தீயில் வைத்துவிட்டு இந்தக் கூடத்தில், இதோ இங்கேதான், வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தாள்.

நான் எழுந்தேன். போனேன். குனிந்தேன். மூடினேன்.

எப்போதும் அவள் வந்து பார்ப்பாள் அல்லவா? அன்றைக்கு வரவில்லை. ஏதோ கணக்கு, தலையைத் தூக்கவே இல்லை. கால் மணி ஆயிற்று. எனக்கு வேறு பயம் வந்துவிட்டது. அவள் போய்ப் பார்த்து, குனிந்து ரெகுலேட்டரைப் பார்த்துவிட்டால்? அதற்கு முந்தின ஞாயிறுதான் அவள் அப்பன் அதைப் பார்க்கச் சொல்லிக் காட்டியிருந்தான். அதனால் முந்திக்கொண்டு போய்த் திறந்து வைத்தேன். திறந்துவிட்டு, அடுப்படியின் பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தேன்.

அடுப்புத் திருகு திறந்திருந்தது தம்பி.

நான் அதைப் பார்க்கவே இல்லை. மேலே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் கீழ்ப்பக்கத்து ஆள். சிலிண்டர்க்காரன்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. அரை மணி இருக்கும். பீடி ஒன்றை எடுத்து வாயில் வைத்தேன். அவள் மேடையில் விட்டுப்போன தீப்பெட்டியை எழுந்து போய் எடுத்துக்கொண்டு வந்தேன். உட்கார்ந்தேன். குச்சியை எடுத்தேன்.

"தாத்தா, பத்த வைக்காதீங்க."

கத்தவில்லை. மெதுவாகச் சொன்னாள். அந்த மெதுவான பேச்சில்தான் எனக்கு மயிர் கூச்செறிந்தது. கூடத்து வாசலில் நிற்கிறாள். முகம் வெளுத்துக் கிடக்கிறது. எனக்குக் கோபம்கூட வந்தது, பீடி குடிக்காதே என்று இந்தப் பொடிசு என்னிடம் சொல்கிறதே என்று. அவள் நேராக வந்து என் விரலிலிருந்து குச்சியை உருவினாள், பெட்டியைப் பிடுங்கிக் கொல்லையில் தூர எறிந்தாள். திரும்பினாள், அடுப்புத் திருகை மூடினாள். குனிந்தாள், ரெகுலேட்டரை மூடினாள். ஜன்னலை இரண்டு பக்கமும் தள்ளினாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, உள்ளே மங்கல். சுவிட்சைத் தொடவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொல்லை வழியாகத் தெருவுக்கு வந்தாள். எதிர் வீட்டு மீனாட்சி என்ன ஏது என்று உள்ளே வரப் பார்த்தாள், "அக்கா, லைட்டு போடாதீங்க, உள்ள போவாதீங்க" என்று அவளையும் நிறுத்தினாள்.

எல்லாம் வரிசையாக. ஒன்றன்பின் ஒன்றாக. நான் தண்ணீர்ப் பானையைப் பிடித்துக்கொண்டு நின்றேனே, அந்த மாதிரி அவள் நிற்கவில்லை.

தெருவுக்கு வந்தபிறகுதான் என் கையை விட்டாள். என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "தாத்தா, அவ்வளவு வாசனை வந்துச்சே, உங்களுக்குத் தெரியலையா?"

தெரியாமல் என்ன, தெரிந்தது, அதைப் பார்க்கத்தான் உள்ளே போனேன் என்றேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? மூக்கெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் மேனேஜரும் என் மூக்கைத்தான் குறை சொன்னான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊரெல்லாம் பரவின அந்தக் காய்ச்சல் எனக்கும் வந்து போனதல்லவா, அதற்கப்புறம் ஒரு வீட்டில் சிலிண்டர் இறக்கினேன். கசிகிற சிலிண்டரை வைத்துவிட்டுப் போய்விட்டான், வாசனைகூடவா தெரியாது என்று அந்த வீட்டம்மா ஏஜென்சிக்கு வந்து சத்தம் போட்டாள். பொய். நான் தூக்கிப் போனபோது ஒரு வாசனையும் வரவில்லை. அதற்காக, பெரியவரே, நாளையிலிருந்து வேண்டாம் என்றான். இருபத்தேழு வருஷம். நாளையிலிருந்து வேண்டாம். அவன் முகத்தில் இனி முழிக்க மாட்டேன்.

அது கிடக்கட்டும். சுகுணா எட்டு மணிக்கு வந்தாள். பிள்ளை வாசலிலேயே போய் நின்று சொன்னாள், "அம்மா, தப்பு என்னோடதுதான். சின்னத் தீ வச்சிட்டு மறந்துட்டேன். அணைஞ்சது தெரியல." நான் பக்கத்தில்தான் நின்றேன். சொல்லியிருக்கலாம். சுகுணா அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. கட்டிப்பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "மாமா, நீங்க நல்லா இருக்கீங்கல்ல?" என்று கேட்டாள். அதற்கும் நான் மண்டையை ஆட்டினேன்.

அன்றைக்கிலிருந்து பிள்ளை அடுப்படிக்குள் போவதில்லை. தண்ணீர் குடிக்கக்கூட என்னை எடுத்துவரச் சொல்கிறாள். நேற்று ஞாயிறு. சுகுணா கூப்பிட்டாள், வா, நான் பக்கத்தில் நிற்கிறேன், ஒரு முட்டை மட்டும் பொரி என்றாள். "எங்கையால வேணாம்மா. தாத்தா செத்திருப்பாரு" என்றாள். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். பகலில்.

நான் கேட்டது இதுதானே? அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்றுதானே இத்தனையும் செய்தேன்? நடந்துவிட்டது. பிள்ளைக்கு ஒரு நாளும் பாவாடையில் நெருப்புப் பிடிக்காது. எனக்கு நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லையே தம்பி. கண்ணை மூடினால் அந்தக் குச்சி என் விரலில் இருக்கிறது. அவள் பின்னால் நிற்கிறாள். நான் உரசிவிடுகிறேன். தினமும் உரசிவிடுகிறேன்.

அதனால்தான் கேட்கிறேன். ரெகுலேட்டர் பழுது என்று எழுது. அது தானாக அணைத்தது, தானாகக் கசிந்தது என்று எழுது. அவள் படிப்பாள். தப்பு தன்மேல் இல்லை என்று தெரிந்துகொள்வாள். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. அந்த ரெகுலேட்டருக்கு வாயா இருக்கிறது?

முடியாது என்கிறாயா? ரெகுலேட்டர் நன்றாக இருக்கிறது, அப்படியே எழுதத்தான் முடியும் என்கிறாய். நானே போய்ச் சொல்ல வேண்டுமாம். நீ நேற்றுப் பிறந்தவன், சொல்லிவிடுவாய். சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? இந்தக் கிழவனைப் பிள்ளையோடு வீட்டில் தனியாக விடலாமா என்று சுகுணா யோசிப்பாள். யோசிக்க மாட்டாளா? நானாக இருந்தால் யோசிப்பேன். அப்புறம் பகலெல்லாம் பிள்ளை மீனாட்சி வீட்டில் இருப்பாள், நான் இங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். எனக்கு அந்தப் பயம் இருக்காதா?

என்ன? கேஸ் வாசனை வருகிறதா என்றா? ஆமாம், வருகிறது. நீ கழற்றினபோதே வந்தது. இப்போதுகூட லேசாக வருகிறது. ஜன்னலைத் திற.

ஏன் தம்பி கொல்லைப் பக்கம் கை காட்டுகிறாய்?

சிலிண்டருக்கு மூடி போட்டுத்தான் இருக்கிறதா? நீ வந்ததும் கழற்றி மூடி போட்டு, கொல்லையில் கொண்டுபோய் வைத்துவிட்டாயா? நான் இங்கே பேசிக்கொண்டிருந்தபோதா?

அப்படியென்றால் வாசனை.

சரி.

சரி, விடு. உட்கார். கொஞ்சம் தண்ணீர் குடி. மணி என்ன? நாலரையா? அதுதான் சைக்கிள் சத்தம். கேட்டைத் திறக்கிறாள் பார், காலால் தள்ளித்தான் திறப்பாள், எத்தனை தரம் சொன்னாலும் கேட்கமாட்டாள்.

வா பாப்பா. ஒன்றும் இல்லை, ஏஜென்சி தம்பி, உங்கம்மா வரச் சொன்னாள். பையை இறக்கி வை. இந்தா, இது அடுப்படி லைட்டர். என் சட்டைப் பையில்தான் இருந்தது. வாங்கிக்கொள், கையை நீட்டு. இந்தத் தம்பி சிலிண்டரைத் திரும்ப மாட்டப் போகிறார். நீ அவர் பக்கத்தில் நின்று, ஏதாவது வாசனை வருகிறதா என்று பார்த்து எனக்குச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியாது பாப்பா. காய்ச்சல் வந்ததிலிருந்து எனக்கு எந்த வாசனையும் வருவதில்லை. உன் ரசம்கூட.

இன்னும் ஒன்று இருக்கிறது. இப்படி உட்கார். என் முகத்தைப் பார்க்காதே, அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு கேள். அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் வேகாமல் போயிற்றே, அது உன் கையால் இல்லை. புதன்கிழமையும் உன் கையால் இல்லை.

தம்பி, நீ எங்கே கிளம்புகிறாய்? இரு. நான் சொல்லி முடிக்கும்வரை இங்கேயே இரு.